பெட்டியில் போட்ட எண்ணை நம்பிக் கேமராவை மேலே அனுப்பாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மூன்று ஞாயிறுகளுக்கு முன் தங்கள் நாளிதழின் இணைப்பில், சிறிய கேமராவைப் பட்டத்திலோ பலூனிலோ கட்டி மேலே அனுப்பி நிலத்தை நாமே படமெடுப்பது எப்படி என்று ஒரு முழுப் பக்கக் கட்டுரை வந்திருந்தது. இரண்டு முறை படித்தேன், வெட்டியும் வைத்திருக்கிறேன். கயிற்றின் வலிமை, காற்றின் வேகம், மின்கம்பிகளுக்கும் விமான நிலையத்துக்கும் பக்கத்தில் போகவே கூடாது என்ற எச்சரிக்கை எல்லாம் பொறுப்போடு எழுதப்பட்டிருந்தன. ஆனால் கடைசிக்கு முந்தைய பத்தியில் ஒரு வாக்கியம் இருந்தது. பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்துகொண்டால் போதும், கேமராப் பெட்டியில் எத்தனை படம் என்று போட்டிருக்கிறதோ அத்தனை கிடைத்துவிடும் என்று. அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்தக் கடிதம். பள்ளி விடுமுறை வரப்போகிறது. கட்டுரையைப் படித்த பிள்ளைகள் வீட்டில் சும்மா கிடக்கும் பழைய கேமராவைத் தேடி எடுத்துப் பட்டத்தில் கட்டுவார்கள். அந்த எண்ணை நம்பினால் கேமராவை இழப்பார்கள். நாங்கள் இழந்தோம்.

நான் ஒரு போட்டோ ஸ்டூடியோவின் டார்க் ரூமில் 21 வருடம் வேலை பார்த்தவள். ஃபிலிம் கழுவுவது, பிரிண்ட் போடுவது, இவைதான் என் வேலை. ஒரு பெரிய பிரிண்ட் போடுவதற்கு முன் அதே தாளிலிருந்து ஒரு விரல் அகலத் துண்டை வெட்டி, 2 நொடி, 4 நொடி, 8 நொடி என்று வெளிச்சம் காட்டிக் கழுவிப் பார்ப்போம். டெஸ்ட் ஸ்ட்ரிப் என்போம். தாள் டப்பாவில் எந்த நேரம் அச்சிட்டிருந்தாலும் சரி, அன்றைய மருந்து, அன்றைய தண்ணீரின் சூடு, அந்த விளக்கு, அந்த நெகடிவ் இவற்றுக்கு எத்தனை நொடி என்பதைத் துண்டுதான் சொல்லும். துண்டு போடாமல் முழுத்தாளை எடுத்தவர்கள் எல்லோரும் தாளை வீணாக்கினார்கள். கேமரா பேட்டரியைப் பற்றி நான் சொல்ல வருவதும் இதேதான்.

என் அண்ணன் மகன் சதுப்பு நிலங்களைப் பற்றிப் படிக்கிறான். ஒரு சதுப்பில் நாணல் எந்தப் பக்கமாகப் பரவுகிறது, திறந்த நீர்ப்பரப்பு எவ்வளவு சுருங்குகிறது என்று மாதம் ஒரு முறை மேலிருந்து பார்க்க வேண்டியிருந்தது. செயற்கைக்கோள் படத்தில் நாணலும் கோரையும் ஒரே பச்சையாகத் தெரிகின்றன. பட்டத்தில் கேமராவை 100, 150 மீட்டர் உயரத்துக்கு ஏற்றினால் தனித்தனிப் புதர் தெரியும். படம் என்றால் என்னைக் கூப்பிடாமல் இருப்பானா? கயிறு அவன் கையில், கேமரா என் பொறுப்பு என்று 5 வருடமாகச் செய்துவருகிறோம்.

முதல் தடவை நடந்ததைச் சொல்கிறேன். கேமரா பழையது, யாரோ பயன்படுத்தி விற்றது. பெட்டியில் 300 படம் என்று போட்டிருந்தது. 10 நொடிக்கு ஒரு படம் எடுக்கும்படி வைத்தோம். 300 படத்துக்கு 3,000 நொடி, அதாவது 50 நிமிடம் என்று கணக்குப் போட்டோம். பேட்டரி முழுச் சார்ஜ், சார்ஜரில் பச்சை விளக்கு எரிந்ததை நானே பார்த்தேன். விடியற்காலை, நல்ல காற்று. பட்டம் அழகாக நின்றது. சதுப்பின் கரையோரமாகக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தோம். கீழே இறக்கிப் பார்த்தபோது 31-வது நிமிடத்தோடு படம் நின்றிருந்தது. எங்களுக்கு வேண்டியிருந்த மேற்குப் பக்கம் முழுவதும் இல்லை. கடைசிப் படம் கார்டில் பாதி எழுதியபடியே நின்றுவிட்டதால் திறக்கவே இல்லை.

அதைவிடப் பெரிய நஷ்டம் வேறு. இந்தச் சின்ன கேமராக்களில் லென்ஸ் குழாய் உடம்புக்குள்ளிருந்து நீண்டு வரும். அணைத்தால் உள்ளே போய் மூடிக்கொள்ளும். உள்ளே இழுப்பதற்கும் பேட்டரிதான் வேண்டும். பேட்டரி தீர்ந்த கேமரா லென்ஸை நீட்டியபடியே உறைந்து நிற்கும். எங்கள் கேமரா அப்படி நீட்டிக்கொண்டே இறங்கி, நாணல் தட்டைகளுக்கு நடுவே முகம் குப்புற விழுந்தது. குழாய் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. புதுப் பேட்டரி போட்டால் உள்ளே பல்சக்கரம் கரகரவென்று சுற்றியது, திரையில் லென்ஸ் பழுது என்று வந்தது, தானே அணைந்தது. "அத்தை, பேட்டரி போனா போட்டோதான் போகும்னு நெனச்சேன்" என்றான் பையன். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். கேமரா தரையைத் தொடும் நொடி வரை பேட்டரியில் உயிர் இருக்க வேண்டும். நம் கையாலேயே அணைத்து, லென்ஸ் உள்ளே போவதைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

சரி, பெட்டியில் போட்டிருக்கும் எண் பொய்யா என்றால், பொய் இல்லை. அது வேறு ஒரு வேலைக்கான எண். ஜப்பானில் உள்ள கேமரா தயாரிப்பாளர்களின் சங்கமான சிபா 2003-இல் ஒரு சோதனை முறையை வகுத்தது. அந்த முறைப்படி அறையின் வெப்பம் சுமார் 23 டிகிரி. திரை எரிந்துகொண்டே இருக்கும். 30 நொடிக்கு ஒரு படம். ஒவ்வொரு படத்துக்கும் முன் ஜூமை நகர்த்த வேண்டும். ஒன்று விட்டு ஒரு படத்துக்கு ஃபிளாஷ் அடிக்க வேண்டும். 10 படத்துக்கு ஒரு தடவை கேமராவை அணைத்துச் சற்று விட்டு மறுபடி போட வேண்டும். இப்படிச் செய்தால் எத்தனை படம் வரும் என்பதுதான் பெட்டியில் உள்ள எண். எல்லா நிறுவனமும் ஒரே முறையில் சோதிப்பதால் கடையில் இரண்டு கேமராக்களை ஒப்பிட அது நல்ல அளவுகோல். ஒரு விருந்துக்கோ சுற்றுலாவுக்கோ கேமராவைக் கையில் எடுத்துப் போகிறவருக்கு அது பொருந்தும். பட்டத்தில் தொங்கும் கேமரா ஃபிளாஷ் அடிப்பதில்லை, ஜூம் செய்வதில்லை. ஆனால் ஒரு நொடிகூட அணையாமல் விழித்துக்கொண்டே இருக்கிறது. சோதனையில் உள்ள எதையும் அது செய்வதில்லை, அது செய்யும் எதுவும் சோதனையில் இல்லை.

கட்டுரையாளர் தவறிய இடம் இதுதான். மேலே போகும் கேமராவுக்குப் படக்கணக்கு உதவாது, நிமிடக்கணக்குதான் வேண்டும். படம் எடுக்கும் அந்த ஒரு கணத்தைவிட, எடுக்காமல் விழித்திருக்கும் நேரம்தான் அதிக மின்சாரத்தைத் தின்கிறது. இப்போது நாங்கள் பயன்படுத்தும் கேமராவின் பெட்டியில் 200 படம் என்று இருக்கிறது. 5 நொடிக்கு ஒன்று என்றால் 17 நிமிடத்தில் தீர வேண்டும். 10 நொடிக்கு ஒன்று என்றால் 33 நிமிடம் வர வேண்டும். நான் வீட்டில் சோதித்தபோது 5 நொடி இடைவெளியில் 97 நிமிடமும் 10 நொடி இடைவெளியில் 109 நிமிடமும் ஓடியது. படங்களின் எண்ணிக்கை பாதியாகக் குறைந்தும் கிடைத்த நேரம் 12 நிமிடம்தான் கூடியது. முதல் கேமரா பெட்டியின் எண்ணைத் தொடாமலே நின்றது, இந்தக் கேமரா அதைப்போல ஐந்து மடங்குக்கு மேல் எடுக்கிறது. இரண்டு பக்கமும் இப்படித் தப்பும் எண்ணை வைத்துக்கொண்டு யாரும் திட்டம் போட முடியாது.

எப்படிச் சோதிப்பது என்று கேட்பார்கள். ஒரு சுவர்க் கடிகாரம் போதும். கேமராவைக் கடிகாரத்தின் எதிரே வைத்து, மேலே அனுப்பும்போது என்ன அமைப்பு இருக்குமோ அதே அமைப்பில் ஓட விட்டுவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம். கேமரா நின்ற பிறகு கார்டில் முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் எடுத்துப் பாருங்கள். இரண்டிலும் மணி தெரியும். படத்தோடு கேமராவே நேரத்தைப் பதிந்து வைக்கும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் பழைய கேமராக்களில் பேட்டரியைக் கழற்றி மாட்டும்போது உள்ளே உள்ள நேரம் சில சமயம் ஆரம்பத்துக்கே போய்விடுகிறது. கடிகாரம் தெரிகிற படத்தில் அந்தக் குழப்பம் வராது. நடுவில் கேமரா தடுமாறிச் சில படங்களை விட்டிருந்தாலும் முள் தாவுவதில் பிடிபட்டுவிடும்.

மேசை மேல் வைத்துச் சோதித்தது போதும் என்று முதலில் நினைத்தேன். போதவில்லை. மேசையில் அசையாமல் இருக்கும் கேமராவுக்கு வேலை குறைவு. பட்டத்தில் அது ஊஞ்சல் ஆடிக்கொண்டே இருக்கும். கை நடுக்கத்தைச் சரிசெய்யும் அமைப்பு முடுக்கிவிடப்பட்டிருந்தால் லென்ஸுக்குள் ஒரு கண்ணாடி ஆட்டத்துக்கு எதிராக ஓயாமல் நகர்ந்துகொண்டிருக்கும். அதனால் இரண்டாவது சோதனையைத் துணிக்கொடியில் செய்தேன். பட்டத்தில் மாட்டும் அதே சட்டத்தோடு கேமராவைக் கொடியில் தொங்கவிட்டு ஆடவிட்டேன். மேசையில் 71 நிமிடம் ஓடிய அமைப்பு கொடியில் 58 நிமிடத்தில் நின்றது. அந்த 58-ஐத்தான் நாங்கள் எழுதிக்கொண்டோம்.

பிறகு ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தேன். டார்க் ரூம் பழக்கம்தான், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது. இரண்டை மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாது. முதலில் திரை. வானத்தில் அந்தத் திரையைப் பார்க்க ஆளே இல்லை. பல கேமராக்களில் டி.வி.க்கு இணைக்கும் துளையில் ஒரு வெறும் பிளக்கைச் செருகினாலே, டி.வி. இணைந்துவிட்டது என்று நினைத்துக் கேமரா திரையை அணைத்துக்கொள்ளும். பட்டத்தில் படமெடுப்பவர்கள் வெகு நாளாகச் செய்யும் தந்திரம் இது. வயரை வெட்டி எறிந்த ஒரு பழைய பிளக் எங்களுக்கு 24 நிமிடம் சம்பாதித்துக் கொடுத்தது. அடுத்து ஃபோகஸ். 100 மீட்டர் உயரத்திலிருந்து எல்லாமே தூரம்தான், ஒவ்வொரு படத்துக்கும் கேமரா தேட வேண்டியதில்லை, முடிவிலியில் பூட்டிவிடலாம். நடுக்கம் சரிசெய்வதையும் அணைத்துவிடலாம். ஆடும் கேமராவுக்கு அதைவிட நம்பகமானது ஷட்டர் வேகம். நல்ல வெயிலில் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வைத்தால் படம் கலங்குவதில்லை. எடுத்த படத்தைத் திரையில் காட்டும் வசதியை நிறுத்தினேன். இவ்வளவும் சேர்ந்து 58 நிமிடத்தை 97 ஆக்கின. பேட்டரி அதே பேட்டரி.

கேனன் நிறுவனத்தின் பல சிறிய கேமராக்களில் சி.எச்.டி.கே. என்ற இலவச மென்பொருளைக் கார்டில் போட்டு ஓட்டலாம். ஆர்வலர்கள் சேர்ந்து எழுதியது அது. இத்தனை நொடிக்கு ஒரு படம் என்று தானாக எடுக்கவைப்பதற்காகத்தான் பலரும் அதைப் போடுகிறார்கள். எனக்கு அதில் பிடித்தது, பேட்டரியின் வோல்ட்டை எண்ணாகத் திரையில் காட்டுவதுதான். லித்தியம் அயன் பேட்டரி முழுச் சார்ஜில் 4.2 வோல்ட். ஒரு நாள் முழுச் சோதனையின்போது பக்கத்தில் உட்கார்ந்து 10 நிமிடத்துக்கு ஒரு தடவை குறித்தேன். ஆரம்பத்தில் சட்டென்று கொஞ்சம் இறங்கியது. பிறகு 3.8, 3.7 என்று ஒரு மணி நேரத்துக்கும் மேல் நத்தை மாதிரி நகர்ந்தது. 3.6-ஐத் தாண்டியதும் கிணற்றில் விட்ட வாளி போல இறங்கி, 10 நிமிடத்துக்குள் கேமரா அணைந்துவிட்டது. திரையின் மூலையில் உள்ள பேட்டரிப் படம் இதைச் சொல்வதே இல்லை. மூன்று கோடும் நெடுநேரம் நிற்கும், கடைசிக் கோடு கண் மூடித் திறப்பதற்குள் போகும். கையில் கேமரா இருந்தால் அந்தக் கடைசிக் கோட்டைப் பார்த்துப் பேட்டரியை மாற்றிவிடுவோம். 150 மீட்டர் கயிற்றின் மறுமுனையில் யார் பார்ப்பது?

அந்தக் காலத்தில் இதற்கும் ஒருவர் வழி கண்டார். பிரான்ஸைச் சேர்ந்த ஆர்தர் பாட்டூ 1880-களின் கடைசியில் பட்டத்தில் கேமராவைக் கட்டிப் படமெடுத்தவர். அவர் கேமராவில் மின்சாரம் கிடையாது. மெல்ல எரியும் திரியைக் கொளுத்திவிட்டுப் பட்டத்தை ஏற்றுவார். திரி எரிந்து முடியும் இடத்தில் ஷட்டர் விடுபடும். விடுபட்டதும் ஒரு சிறு தாள் கொடி அவிழ்ந்து கீழே நிற்பவருக்குச் சைகை காட்டும். அந்தத் திரி எத்தனை நிமிடம் எரியும் என்று தரையில் எரித்துப் பார்க்காமல் அவர் பட்டத்தை ஏற்றியிருக்க முடியுமா? அவருக்கு முன்பே, 1858-இல், நாடார் என்ற புனைபெயர் கொண்ட பிரெஞ்சுப் புகைப்படக்காரர் பலூனில் தானே ஏறிப் போய் வானிலிருந்து படம் எடுத்தார். அப்போதெல்லாம் கண்ணாடித் தகட்டில் மருந்து தடவி, அது ஈரம் காய்வதற்குள் படமெடுத்துக் கழுவியும் ஆக வேண்டும். அதற்காகக் கூடையிலேயே ஓர் இருட்டறையைக் கட்டிக்கொண்டு ஏறினார். அந்த ஈரம்தான் அவருடைய பேட்டரி. 1906-இல் சான்பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்தில் இடிந்து எரிந்தபின், ஜார்ஜ் லாரன்ஸ் என்பவர் பட்டங்களை வரிசையாகக் கோத்து, 20 கிலோவுக்கும் அதிகமான கேமராவைச் சுமார் 600 மீட்டர் உயரத்துக்குத் தூக்கி அந்நகரத்தை எடுத்தார். ஷட்டரை விடும் மின்சாரத்தைக் கயிற்றுக்குள் ஓடிய கம்பி வழியே கீழிருந்தே அனுப்பினார், பேட்டரி தரையில் கண்முன்னே இருந்தது. இவர்களின் பெயரை நான் படிப்புக்காகச் சொல்லவில்லை. எட்டாத உயரத்துக்குக் கேமராவை அனுப்பிய ஒவ்வொருவரும் அது எவ்வளவு நேரம் தாங்கும் என்பதைத் தரையில் நின்றே தெரிந்துகொண்டார்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

பேட்டரியின் வயதைப் பற்றியும் கட்டுரையில் ஒரு வரி இல்லை. சார்ஜரில் பச்சை விளக்கு எரிந்தால் பேட்டரி நிறைந்துவிட்டது என்று பொருள். ஆனால் பழைய பேட்டரி சுருங்கிய குடம். ததும்ப நிரப்பினாலும் முன்பிருந்த தண்ணீர் அதில் இருக்காது. எங்களிடம் நான்கு பேட்டரிகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் அழியாத மையால் எண் போட்டு, நோட்டில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறேன். 1-ஆம் எண் வாங்கிய வருடம் 97 நிமிடம், அடுத்த வருடம் 88, அதற்கடுத்த வருடம் 70. இப்போது அது மேலே போவதில்லை, மேசைச் சோதனைகளுக்கு மட்டும். 4-ஆம் எண் அசல் அல்ல. அசலில் 1,000 மில்லி ஆம்பியர் மணி என்று இருந்தால் இதில் 1,400 என்று அச்சிட்டிருந்தார்கள். அதே அளவுப் பெட்டிக்குள் அவ்வளவு எப்படி அடங்கும் என்ற சந்தேகத்தில் தராசில் வைத்தேன், அசலைவிட எடை குறைவு. சோதித்தபோது 52 நிமிடம். முதல் தடவை எங்கள் கேமராவைக் கைவிட்டதும் இப்படி ஒரு நகல் பேட்டரிதான் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. வாங்கிய எல்லா நகலும் மோசம் என்று சொல்ல மாட்டேன். ஒட்டியிருக்கும் தாளை நம்பாமல் கடிகாரத்தை நம்புங்கள் என்றுதான் சொல்கிறேன். உப்பிய பேட்டரியைச் சோதிக்கக்கூட வேண்டாம். அதை அழுத்தாமல், குத்தாமல், குப்பைத் தொட்டியில் போடாமல், பழைய பேட்டரி வாங்கும் இடத்தில் கொடுத்துவிட வேண்டும்.

பென்சில் செல் போடும் கேமராக்களும் பல வீடுகளில் உண்டு. அதற்குச் சாதாரண அல்கலைன் செல் போட்டு மேலே அனுப்பாதீர்கள். கேமரா ஒரே மூச்சில் நிறைய மின்சாரம் இழுக்கும், அப்போது அல்கலைன் செல்லின் வோல்ட் தொய்ந்துபோகும். கேமரா தீர்ந்தது என்று அணைந்துவிடும். அதே செல்லைச் சுவர்க் கடிகாரத்தில் போட்டால் மாதக்கணக்கில் ஓடும், வீட்டில் எல்லோரும் பார்த்த விஷயம்தான். மறுபடி சார்ஜ் செய்யும் நிக்கல் செல் 1.2 வோல்ட்தான் என்றாலும் அந்த இழுப்பைத் தாங்கும். மறுசார்ஜ் இல்லாத லித்தியம் பென்சில் செல்லும் உண்டு. அது தாங்குவது மட்டுமல்ல, எடையும் குறைவு, ஒன்று 15 கிராம் அளவுதான். அல்கலைன் ஒன்று 23 கிராம் வரும். பட்டத்துக்கு இந்த வித்தியாசம் பெரிதில்லை. ஹீலியம் பலூனுக்குப் பெரிது. ஒரு லிட்டர் ஹீலியம் தூக்குவது ஏறக்குறைய ஒரு கிராம்தான். இரண்டு செல்லில் 16 கிராம் மிச்சம் பிடித்தால் 16 லிட்டர் வாயு மிச்சம்.

குளிரைப் பற்றிப் பலரும் பயப்படுகிறார்கள். ஒரு கிலோமீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும். நாம் போகும் 150 மீட்டரில் ஒரு டிகிரிதான், அதனால் உயரம் பேட்டரியைக் கொல்வதில்லை. விடியற்காலைக் குளிர்தான் பாதிக்கிறது. பேட்டரியைக் காற்றுப் புகாத உறையில் போட்டு ஒரு இரவு ஃபிரிட்ஜில் வைத்தெடுத்து உடனே சோதித்தேன். 97 நிமிடம் 81 ஆனது. சூடு ஏறினால் பழையபடி ஓடுகிறது. ஆகையால் கேமராவில் போடும் கடைசி நிமிடம் வரை பேட்டரி என் சட்டைப் பையில் இருக்கும். வளிமண்டலத்தில் மிக உயரத்துக்குப் போகும் பெரிய பலூன்களின் கதை வேறு. 10 கிலோமீட்டரில் பூஜ்யத்துக்குக் கீழே 50 டிகிரி இருக்கும், அதற்குப் பேட்டரியைப் பொதிந்து சூடு காக்க வேண்டும்.

2010-இல் மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய்க் கசிவு நடந்தபோது, லூசியானா கரையோர மக்களும் தன்னார்வலர்களும் பலூனிலும் பட்டத்திலும் மலிவான கேமராக்களைக் கட்டிக் கரையைத் தாங்களே படமெடுத்தார்கள். குளிர்பானப் பாட்டிலை வெட்டிக் கேமராவுக்குக் கூண்டு செய்வது, ஷட்டர் பொத்தானை ரப்பர் பேண்டால் அழுத்திக் கட்டித் தொடர்ந்து எடுக்கவைப்பது எல்லாம் இத்தகையவர்கள் பரப்பிய வழிகள். தங்கள் கட்டுரையும் ரப்பர் பேண்ட் முறையைத்தான் சொல்கிறது. எளிமையான முறை, நானும் மதிக்கிறேன். ஆனால் அதில் கேமராவுக்கு நொடிநேர ஓய்வுகூடக் கிடையாது. எங்கள் கேமராவில் அது 43 நிமிடம்தான் ஓடியது. ரப்பர் பேண்ட் போடுகிறவர்கள் ரப்பர் பேண்டோடுதான் சோதிக்க வேண்டும். வீடியோவுக்கென்றே வரும் சின்ன கேமராவோ பழைய செல்போனோ கட்டினாலும் இதே விதிதான், ஆனால் அவற்றில் வை-ஃபையை முதலில் அணைத்துவிட வேண்டும்.

கிடைத்த நிமிடங்களை எப்படிச் செலவு செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு பேட்டரியையும் மூன்று முறை சோதிக்கிறேன். சராசரி எடுப்பதில்லை, மூன்றில் சிறியதை எழுதுகிறேன். 2-ஆம் எண்ணுக்கு 97, 94, 91 வந்தது, எழுதியது 91. அதில் மூன்றில் ஒரு பங்கு இறக்குவதற்கு. காற்று திடீரென்று வலுத்தால் 150 மீட்டர் கயிற்றைச் சுற்றி இறக்க 20 நிமிடம்கூட ஆகும், பையனின் கைகள் ஒரு தடவை கன்றிப்போனது எனக்கு நினைவிருக்கிறது. இன்னொரு 10 நிமிடம் கேமராவை முடுக்கி, கட்டி, ஏற்றுவதற்கு. மேலே நின்று வேலை செய்ய மீதி 50 நிமிடம். எங்கள் சதுப்பை நடந்து முடிக்க 45 நிமிடம் போதும். 5 நொடிக்கு ஒரு படம், 540 படங்கள். முன்பு விட்டுப்போன மேற்குப் பக்கம் இப்போது மாதம் தவறாமல் வருகிறது. நாணல் தெற்கிலிருந்து வருகிறது என்று நினைத்திருந்தோம், மேற்கிலிருந்துதான் வருகிறது என்று அந்தப் படங்கள் காட்டிவிட்டன. பேட்டரியைச் சோதிக்காமல் இருந்திருந்தால் அந்த உண்மை எங்களுக்குத் தெரிந்தே இருக்காது.

ஒரு எச்சரிக்கையை விட்டுவிட்டேன். தீர்ந்த பேட்டரியைக் கழற்றிக் கால் மணி நேரம் வைத்திருந்து மறுபடி போட்டால் திரையில் ஒரு கோடு வரும். இன்னும் இருக்கிறது என்று நினைத்து யாரும் இரண்டாவது முறை ஏற்றிவிடாதீர்கள். ஓய்வில் வோல்ட் சற்று மீள்கிறது, அவ்வளவுதான். நான் மூன்று தடவை பார்த்தேன், மிஞ்சிப்போனால் 4 நிமிடம்.

ஆசிரியர் அவர்களே, கட்டுரையாளர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவர் எழுதியதால்தான் பிள்ளைகள் வானத்தை அண்ணாந்து பார்க்கப்போகிறார்கள். விடுமுறை தொடங்குவதற்கு முந்தைய ஞாயிறு இணைப்பில் அந்த வாக்கியத்துக்கு ஒரு திருத்தம் வெளியிடுங்கள். "கேமராவை மேலே அனுப்பும் அதே அமைப்பில், சுவர்க் கடிகாரத்தின் எதிரே தொங்கவிட்டு, நிற்கும் வரை ஓடவிட்டுப் பாருங்கள். மூன்று முறை பாருங்கள். குறைந்த நேரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்குள் இறக்கத் தொடங்கிவிடுங்கள்" என்று போட்டால் போதும். இடம் இருந்தால் லென்ஸ் விஷயத்தையும் சேருங்கள். இந்தக் கடிதத்தோடு என் நோட்டிலிருந்து நான்கு பேட்டரிகளின் பக்கங்களையும், முதலில் துணிக்கொடியில் தொங்கவிட்டுச் சோதித்த அன்று கேமரா கடைசியாக எடுத்த கடிகாரப் படத்தையும் நகலெடுத்து இணைத்திருக்கிறேன். அதில் மணி 4:38. தொடங்கியது 3:40.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
டார்க் ரூம் பணியாளர் (ஓய்வு)